ஆன்டெனா என்கிற என் அண்ணன்

என் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் ஆன்டெனா. ஆள் ஒல்லி, அதனால் வைத்தார்கள் என்று நினைத்தால் தப்பு. அவன் உத்தியோகமே அதுதான். ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு சிமெண்ட் தூண், அதன் தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஓர் ஆன்டெனா. அதன் மேல் காக்கை எச்சம் படியாமல், கேபிளை எலி கடிக்காமல், பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் அதற்குத் தொழில்நுட்ப உதவியாளர் என்று பெயர். என்னைக் கேட்டால் சட்டி துடைக்கிற ஆள். அண்ணனாயிற்றே, 'அவர்' என்று எழுதலாம்தான். கை வரமாட்டேன் என்கிறது.

அந்தச் சட்டி என்ன செய்யும் என்பதை நான் கேட்காமலே அவன் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். விமானம் பறக்கிற உயரத்தையெல்லாம் தாண்டி மேலே அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கிறதாம். வெயில் பட்டுப் பட்டு அங்கே காற்றில் மின்சாரம் ஏறிக் கிடக்குமாம். செயற்கைக்கோளிலிருந்து வருகிற சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது கொஞ்சம் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்று பார்த்து, மேலே எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கோடு போடும். பெரிய நிலநடுக்கம் வருவதற்குச் சில நாள் முன்னால் அந்தக் கோடு வீங்கும், அல்லது பள்ளமாகும் என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பூமிக்குள் பாறை நெரியும்போது வாயு கசிந்து, தரையை ஒட்டிய காற்று மாறி, அந்த மாற்றம் மேலே வரைக்கும் போகிறதாம். நடந்து முடிந்த பிறகு தேடினால் எந்தக் கோட்டிலும் எதையாவது காட்டலாம் என்று மற்ற விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இரண்டு கட்சியும் படித்தவர்கள் கட்சி. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்ட என் அண்ணன் முதல் கட்சியில் போய்ச் சேர்ந்தான்.

சின்ன வயதிலேயே அவனுக்கு அந்தக் கிறுக்கு உண்டு. வீட்டில் இருந்த பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, எந்த நாட்டுக்காரனோ எந்தப் பாஷையிலோ பேசுவதை வாயைப் பிளந்து கேட்பான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. கடல் தாண்டிப் பேசுகிறவன் பேச்சு விழும். இந்தக் குணம் கடைசி வரை மாறவில்லை. அண்ணி, அதாவது அவன் பெண்டாட்டி, அவனுடன் எப்படிக் காலம் தள்ளினாள் என்பது அவளுக்கே வெளிச்சம்.

எங்கள் ஊர் ஆடுகிற ஊர். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பாத்திரம் கலகலக்கும், விளக்கு ஊசலாடும். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டான். என் குடும்பம் குட்டிச்சுவரானது அங்கேதான்.

என் வீட்டுக்காரர் அப்போது பி.டி. மாஸ்டர். பள்ளி மைதானத்தில் அவர் விசில் ஊதினால் ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் நின்ற இடத்தில் நிற்கும். அவர் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். மூன்றாவது மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி வருவார். நான் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். இன்றைக்கும் அதே கடைதான்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறோம். அண்ணனிடமிருந்து போன்.

"பாப்பா, மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உடனே கீழ இறங்கு. கோடு இவ்வளவு வீங்கி நான் பார்த்ததே இல்ல. பெருசா வரப்போகுது. இன்னைக்கு வரும்."

"என்ன உளர்றே? நிச்சயமா?"

"நிச்சயம். நான் சொல்றேன்ல."

நிச்சயம் என்றான். அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிச் சொன்னார். கட்டிடம் முழுக்கக் கிளம்பிவிட்டது. படிக்கட்டில் ஆளை ஆள் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். யாரோ ஒருவர் பெட்டியைக் கீழே போட, அது காலில் தட்டி இவர் உருண்டார். இவர் கதவைத் தட்டி எழுப்பிவிட்ட ஜனமே இவரை மிதித்துக்கொண்டு ஓடியது. இடுப்பு எலும்பு மூன்று இடத்தில் போயிற்று.

பூமி ஆடவில்லை. அன்றைக்கும் ஆடவில்லை, அந்த மாதம் முழுக்கவும் ஆடவில்லை.

பிறகு நிலையத்தின் இயக்குநர் அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து எனக்கு விளக்கினார். அன்றைக்குச் சூரியனில் ஒரு புயல் கிளம்பியிருக்கிறது. அதனால் பாதி உலகத்துக்கு மேலே கோடு வீங்கியிருக்கிறது. பக்கத்து நிலையங்களின் கோட்டைத் திறந்து பார்த்திருந்தால் எல்லா இடத்திலும் அதே வீக்கம் தெரிந்திருக்கும். என் அண்ணன் நம் ஊர்க் கோட்டை மட்டும் பார்த்திருக்கிறான். தன் தலைக்கு மேல் மட்டும்தான் வானம் இருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

"அவர் ஒரே ஒரு தடவை சூரியனைப் பார்த்திருந்தா போதும்மா," என்றார் அவர்.

வெயிலில் நின்று சட்டி துடைக்கிறவனுக்குச் சூரியன் கண்ணில் படவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பேப்பரில் 'வதந்தி பரப்பிய ஊழியர்' என்று போட்டார்கள். அந்தச் செய்தியை என் கடைக்கே கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுத்தார்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. கீழ்வீட்டு வக்கீல் ஐந்து காப்பி எடுத்தார், நஷ்டஈடு கேஸ் போடுவதற்காம். ஒரு வருஷம் அண்ணனை வேலைக்குச் சேர்க்காமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு, இனிமேல் வாயைத் திறக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்தார்கள். தெருவில் பொடிசுகள்கூட அவனைப் பார்த்தால், "ஆன்டெனா, இன்னைக்கு வருமா?" என்று கேட்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போவான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தான். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அண்ணனை வராந்தாவுக்குக் கூட்டிவந்து வாய்க்கு வந்தபடி கேட்டேன். கடைசியில், "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்றேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாரில்லை.

அதன் பிறகு என் வீட்டுக்காரர் மைதானத்துக்குப் போகவில்லை. வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து கட்டில். அவ்வளவுதான் அவர் ஓட்டம். மூன்று மாடி இறங்க நாலு பேர் வேண்டும். கீழே வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றால், "உங்க அண்ணன் பேச்சைக் கேட்டு ஒரு தடவை இறங்கினேன். இனிமே இறங்க மாட்டேன்," என்பார். கட்டில் தலைமாட்டில் பழைய விசிலைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு ஊதல் என்றால் டீ. இரண்டு என்றால் ஜன்னலைச் சாத்து. நீளமாக ஊதினால் கோபம் என்று அர்த்தம். நீள ஊதல்தான் அதிகம்.

ஒவ்வொரு தடவை விளக்கு ஊசலாடும்போதும் எனக்கு ஒரே கவலைதான். நிஜமாகவே ஒரு நாள் பெரிதாக வந்தால் இந்த மனிதரை நான் எப்படி இறக்குவேன்?

வருஷங்கள் ஓடின. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங்பெல் அடித்தது. திறந்தால் அண்ணன். முடி நரைத்து, கன்னம் ஒட்டிப்போய் நின்றான். கையில் ஒரு துணிப்பை.

"பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு பாப்பா. நேர்ல வந்து சொல்லணும்னு அண்ணி சொன்னா."

கல்யாணம் சொல்ல வந்தவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆள் ஹாலில் இல்லை. இவர் அறையில் நிற்கிறான். இவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அண்ணன் கட்டில் பக்கத்தில் நிற்கிற இரும்பு பீரோவை ஆட்டிப் பார்க்கிறான்.

"என்ன பண்றே?"

"இது சுவத்துல பிடிக்காம நிக்குது பாப்பா. ரெண்டு கிளாம்ப் அடிச்சுடறேன்."

பையைத் திறந்தான். உள்ளே டிரில் மெஷின், கிளாம்ப், ஸ்க்ரூ எல்லாம் இருந்தன. கல்யாணம் சொல்ல வருகிறவன் இனிப்பு கொண்டுவருவான், பூ கொண்டுவருவான். டிரில் மெஷின் கொண்டுவந்தவனை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சட்டென்று உறைத்தது.

"மறுபடியும் எதையாவது பார்த்தியா?"

"இல்ல பாப்பா."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மெஷினைப் போட்டுவிட்டான். கட்டிடம் அதிரச் சுவரைத் துளைத்தான். வெள்ளை அடித்த சுவர் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது. இவர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். மெஷின் சத்தத்தில் அது எடுபடவில்லை.

கீழ்வீட்டு வக்கீல் மேலே வந்து கத்தினார். "ஞாயித்துக்கிழமைகூட நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா? எங்க அம்மா தூங்குறாங்க."

அண்ணன் மெஷினை நிறுத்தினான். "சார், அம்மா படுத்திருக்கிற ரூம்லயும் பீரோ இருக்கா? ஸ்க்ரூ மிச்சம் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல அடிச்சுத் தந்துடறேன்."

"உன் வேலையைப் பாருய்யா. உன்னால பட்டது போதாதா?"

வக்கீல் இறங்கிப் போய்விட்டார். அண்ணன் குப்பையைக் கூட்டி அள்ளிவிட்டு, கல்யாணத் தேதியைச் சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பினான். சுவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் வந்துவிட்டது.

நான் கடையில் இருந்தேன். மெஷினில் ஒரு பெண்ணின் சான்றிதழ் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மெஷின் நகர்ந்தது. பிறகு கடையே நகர்ந்தது. தெருவில் விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். நின்ற பிறகு பார்த்தால் எதிர்ச்சாரியில் பழைய மார்க்கெட் இல்லை, புழுதிதான் இருந்தது. நான் வீட்டைப் பார்த்து ஓடினேன். கட்டிடம் நிற்கிறது. ஆனால் முகப்பு முழுக்க விரிசல். படிக்கட்டில் செங்கல் குவிந்து கிடந்தது. எல்லோரும் கீழே ஓடி வருகிறார்கள், நான் மட்டும் மேலே ஏறுகிறேன். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டேன். இரண்டாவது மாடியில் நின்று அவரைக் கூப்பிட்டேன்.

மேலேயிருந்து விசில் சத்தம் வந்தது. நீள ஊதல். அத்தனை வருஷமாக என் உயிரை வாங்கிய அந்தச் சத்தத்தைக் கேட்டு அன்றைக்குக் கதறி அழுதேன்.

அறையில் டிவி விழுந்து நொறுங்கியிருந்தது. பரணிலிருந்த பாத்திரமெல்லாம் தரையில் கிடந்தது. பீரோ மட்டும் நின்றது. கதவு பிளந்து, உள்ளேயிருந்த என் புடவையெல்லாம் சரிந்து இவரை மூடியிருந்தது. புடவைக் குவியலுக்குள்ளிருந்து ஊதிக்கொண்டிருந்தார். நான் இவரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டான். குன்றிலிருந்து எப்படி வந்தானோ, உடம்பெல்லாம் புழுதி. இவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினான். இவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டைத் தாண்டும்போது உள்ளே வக்கீல் அம்மா அம்மா என்று அலறுவது கேட்டது. எங்கள் அறைக்கு நேர் கீழ் அறை. அந்த அம்மாள் மேல் பீரோ விழுந்திருந்தது. அண்ணன் இவரை இறக்கிவிட்டுத் திரும்பி ஓடினான். பீரோவை அவர்கள் தூக்கியபோது உயிர் இல்லை.

பள்ளி மைதானத்தில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தோம். ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. இவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது. இயக்குநர் அம்மா டிவியில் பேசினார். நிலநடுக்கத்துக்கு முந்தைய நாட்களில் கோட்டில் ஒரு மாற்றம் இருந்தது உண்மை, அதே நாட்களில் சூரியனும் அமைதியாக இல்லை, எதனால் வந்த மாற்றம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஜனங்களுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. வக்கீல் மிச்சத்தைச் சேர்த்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆன்டெனா வந்தான், தங்கச்சி வீட்டு பீரோவை மட்டும் சுவரில் பிடித்துவிட்டுப் போனான், சத்தம் கட்டிடமே கேட்டது. வேறென்ன வேண்டும்? பிணத்தைப் புதைத்துவிட்டு வந்த ஜனம், யார் மேலாவது கோபத்தைக் கொட்டவேண்டிய ஜனம்.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்களுக்கு ரொட்டி கொண்டுவந்தான். சூழ்ந்துகொண்டார்கள்.

"தெரிஞ்சும் சொல்லலையே, நீ மனுஷனா?"

"அப்ப ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டினே. இப்ப வாயை மூடிக்கிட்டே."

"தன் குடும்பம் பொழைச்சா போதும்னு இருந்திருக்கான்."

அண்ணன் ரொட்டியைப் பிடித்தபடி நின்றான். "பார்த்தேன். சூரியனையும் பார்த்தேன். ரெண்டும் ஆடிச்சு. எதுன்னு எனக்குத் தெரியல," என்றான். யாரோ ரொட்டியைத் தட்டிவிட்டார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நடுவில் புகுந்துவிட்டேன். "கையை எடு. இவனைத் திட்டணும்னா நான் இருக்கேன். என் புருஷன் இடுப்பு போச்சு, நான் திட்டுவேன். சொன்னப்பவும் அடிக்க வந்தீங்க, சொல்லலேன்னும் அடிக்க வர்றீங்க. நீங்க யாரு இவனைக் கேக்க?"

"எங்க அம்மா போயிட்டாங்க," என்றார் வக்கீல். "உன் வீட்டு பீரோ நிக்குது."

"உங்க பீரோவையும் அடிச்சுத் தர்றேன்னு கேட்டானே. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டானே. நீங்க என்ன சொன்னீங்க?"

வக்கீல் முகம் செத்துப்போயிற்று. தாயைப் பறிகொடுத்த மனிதரிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே வாய் கசந்தது. ஆனால் பின்னால் நின்ற கூட்டம் அடங்கவில்லை. மறுபடி தள்ளுமுள்ளு ஆரம்பித்தது.

அப்போது விசில் ஊதியது. என் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கன்னம் உப்ப, நீளமாக ஊதினார். கூட்டத்தில் பாதிப்பேர் அந்த மைதானத்தில் அவரிடம் ஓடிப் பழகியவர்கள். சட்டையைப் பிடித்திருந்தவனும் அவரிடம் படித்த பிள்ளைதான். கையை எடுத்துவிட்டு நின்ற இடத்தில் நின்றான். எல்லோரும் நின்றார்கள்.

"கலைஞ்சு போங்கடா," என்றார் அவர்.

போனார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் போனார்கள், இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். அண்ணன் குனிந்து ரொட்டியைப் பொறுக்கி மண்ணைத் தட்டினான். அவனை விட எனக்கு மனமில்லை. ஊருக்கு இருந்த சந்தேகம் எனக்கும் இருந்தது. அவனுக்குத் தெரிந்திருந்து, நான் ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்லுக்குப் பயந்து என்னிடமும் மறைத்திருந்தால் அதை என்னால் தாங்கவே முடியாது.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. தெரிஞ்சுதானே வந்தே? இல்லேன்னா கல்யாணம் சொல்ல வர்றவன் கையில டிரில் மெஷின் எதுக்கு?"

"அது எப்பவும் ஸ்கூட்டர் பெட்டியிலதான் பாப்பா இருக்கும். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இருக்கு."

"எதுக்கு?"

"அவரால ஓட முடியாதுல்ல. பீரோ பக்கத்துலயே படுத்திருக்காரு. நீ எப்பக் கதவைத் திறப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாலு வார்த்தை திட்டலாம் என்று பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கட்டிலிலிருந்து விசில் ஒரு தடவை ஊதியது. டீ கேட்கிறார் என்று நான் எழுந்தேன்.

"உனக்கில்ல," என்றார் அவர். "மச்சானை இங்க வந்து உக்காரச் சொல்லு."